கை வைக்கும் பயிற்சி

மாடியில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டால் இன்னமும் நான் அண்ணாந்து பார்க்கும் என் அன்பு வசந்தாவுக்கு,

வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளுக்கு உன் மாணவர்கள் ஒரு சிறு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். "மேடத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று கயல்விழி வந்து கேட்டாள். உன்னைப் பற்றி எழுதப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. உனக்கு எழுதினால் வருகிறது. மற்றவர்கள் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் ஸ்கூட்டியை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைக்கிறேன். ஓட்டமாட்டேன், உனக்குத் தெரியும். பேட்டரி இறங்கக் கூடாதே என்றுதான். புது ஆற்றில் இந்த முறை தண்ணீர் குறையவில்லை. சம்பா நன்றாக விளைந்திருக்கிறது. அறுவடை மெஷின்கள் மெடிக்கல் காலேஜ் ரோடு வரைக்கும் ஊர்ந்து வந்து பஸ்ஸை மறிக்கின்றன. சமையலுக்கு வரும் அம்மா இன்னமும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் குறைத்துவிடுவார்.

உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று அங்கிருந்த டாக்டரிடம் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "நேத்து நல்லாத்தானே இருந்தா? நடுவுல என்ன ஆச்சு?" அவர் இதயத்தைப் பற்றி ஏதோ சொன்னார். புரிந்தது. ஆனால் அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நாம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள். நான் வேதியியல் படித்து மண் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தெருவே "ஆபீசர் வர்றார்" என்று கேலியும் பெருமையுமாகச் சொன்னது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நீ அதைப் பிடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதே கிடையாது. உன் முடி நரைத்த பிறகும், "ஆபீசரே, மாத்திரை போட்டாச்சா?" என்றுதான் மாடிப்படியில் நின்று கேட்பாய்.

நீ சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய நிறுவனங்களின் ஜாவா சர்வர்களைப் பார்த்துக்கொண்டாய். அது என்ன வேலை என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை. நீதான் ஒருநாள் சொன்னாய். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நூறு பேர் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள். ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு, ஒருவருக்குப் படுக்கை எண். இத்தனை கேள்விகளையும் வாங்கி, வரிசைப்படுத்தி, உள்ளே தகவல் இருக்கும் இடத்துக்கு அனுப்பி, பதிலை வாங்கிச் சரியான ஆளிடம் சேர்க்கிற நடு ஆள் அது. நடு ஆள் படுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியே நின்றுவிடும். அவனைப் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை.

அதைச் சொல்லித்தரத்தான் தஞ்சாவூருக்குத் திரும்பி வந்து நம் வீட்டு மாடியில் பயிற்சி மையம் வைத்தாய். பாடப் புத்தகம் கிடையாது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு சர்வர், தொட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பலகையில் உன் பெயருக்குக் கீழே 'கை வைத்துக் கற்கும் ஜாவா சர்வர் பயிற்சி' என்று எழுதச் சொன்னாய். பெயிண்டர் இடம் போதவில்லை என்று 'கை வைக்கும் பயிற்சி' என்று முடித்துவிட்டுக் காசு வாங்கிப் போய்விட்டார். டீக்கடையில் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். "பஸ்ஸ்டாண்டுல கை வைக்கிறவனுக்கெல்லாம் இனிமே சர்டிபிகேட்டு உண்டு போல." நான் பதறினேன். மாற்றிவிடு, தப்பாக நினைப்பார்கள் என்றேன். நீ பலகையை நிமிர்ந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாய். மாற்றவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கயல்விழி உன் மையத்தின் முதல் பேட்சில் படித்தவள். நாகப்பட்டினத்தில் படகுக்காரர் வீட்டுப் பெண். பிறகு உன்னோடு சேர்ந்து நடத்தினாள். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ போனபின் மையம் அவள் கையில், வீடு என் கையில் என்று ஆனதும் எனக்கு ஒரு கலக்கம். எழுத்தில் நீ எதுவும் வைக்கவில்லை. "பொங்கலுக்கு அப்புறம் புது பேட்ச் ஆரம்பிக்கணும் சார். நடத்தலாமா, வேண்டாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்று அவள் வந்து நின்றாள். இதற்கிடையில் ஒரு பல் டாக்டரும் மாடியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் பொங்கலுக்குள் பதில் வேண்டும். நான் ஒருவன் தலையாட்டினால் உன் பலகை நிற்கும். ஆட்டாவிட்டால் அந்த இடத்தில் பெரிய பல் ஒன்று தொங்கும்.

எனக்கு ஒரு மண்ணைப் பார்த்தவுடன் சொல்ல வராது. மாதிரி எடுக்க வேண்டும், காயவைக்க வேண்டும், சலிக்க வேண்டும். ஆகவே கயலிடம், "நானும் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றேன். அவள் முகம் ஒரு நொடி மாறியது. அதைக் குறித்துக்கொண்டேன். "நான் வசந்தாவுக்கு என்ன உறவு என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் என்று மட்டும் சொன்னால் போதும்." "சரிங்க சார்" என்றாள். ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றாள்? அதையும் குறித்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொங்கலுக்கு முந்தைய பேட்சுக்கு வகுப்பு தொடங்கிச் சில நாள் ஆகியிருந்தது. கடைசி மேஜையில் கூத்தாநல்லூர்ப் பையன் ஆசிப் பக்கத்தில் இடம் தந்தார்கள். வாயை மூடவே தெரியாத பிள்ளை.

"ஐயா, உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? வாடகைய வாங்கினோமா, டிவியப் பாத்தோமான்னு இருக்கலாம்ல?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான் தம்பி."

"தெரிஞ்சுக்கிட்டு? பெங்களூருக்கு வேலைக்குப் போகப் போறீங்களா? போனா என் ரெஸ்யூமையும் சேத்துக் குடுத்துருங்க."

முன்வரிசையில் நம்ம ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நிவேதா. அவள் திரும்பி, "சும்மா இரு ஆசிப்பு, பெரியவங்க" என்றாள். நீ இருந்திருந்தால் இருவரையும் உனக்குப் பிடித்திருக்கும். எனக்கும் பிடித்தது. பிடித்துப்போனால் கண் மறைத்துவிடும் என்று உஷாராக இருந்தேன்.

பாடம் எனக்குப் பாதி புரிந்தது. ஜாவாவை ஏற்றுவது, சர்வரை ஏற்றுவது, நிர்வாகத் திரையைத் திறப்பது, ஒரு பயன்பாட்டை அதில் பொருத்துவது. ஒரு எழுத்து தப்பினால் சிவப்பு வரிகள் திரையை நிறைத்துக்கொண்டு ஓடும். நான் எழுந்து நின்றுவிடுவேன். ஆசிப் கையைப் பிடித்து உட்கார வைப்பான். "வெடிக்காதுங்க ஐயா. உக்காருங்க."

இதற்கு நடுவில்தான் அந்தச் சொல் காதில் விழ ஆரம்பித்தது. 'அண்ணன்.'

யாருடைய சர்வராவது நின்றுபோனால் கயல் அங்கிருந்தே குரல் கொடுப்பாள். "அண்ணனைக் கேட்டீங்களா?" ஒரு பையன் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பப் போனான். "அண்ணனைக் கேக்காம ரீஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று அதட்டினாள். இன்னொரு நாள், "இப்படி வேலை பாத்தா அண்ணன் சும்மா விடமாட்டார்" என்றாள். சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

யார் இந்த அண்ணன்? நம் ஊரில் அண்ணன் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? பேனரில் கைகூப்பி நிற்பவரும் அண்ணன். இடத்தைக் காலி செய்யச் சொல்லி நாலு பேரை அனுப்புகிறவரும் அண்ணன். உன் மையத்துக்குப் பின்னால் எனக்குத் தெரியாமல் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டாரா? கயல் வெறும் பெயருக்குத்தானா? அந்தச் சிரிப்பு எனக்கு விட்ட எச்சரிக்கையா? ஆசிப்பிடம் கேட்க வாயெடுத்தேன். அவன் போய் அண்ணனிடம் சொல்லிவிட்டால்? மூடிக்கொண்டேன்.

ஒருவேளை நான்தான் தேவையில்லாமல் நினைக்கிறேனோ என்றும் தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தானே. பால்காரர் சீக்கிரம் வந்தாலும் சந்தேகம், தாமதமாக வந்தாலும் சந்தேகம். அந்த எண்ணத்தையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒரு காலை. மாடித் தொட்டியில் தண்ணீர் பார்க்க ஏறினேன். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. கதவு சாத்தியிருந்தது, உள்ளே கயலின் குரல். போனில் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எல்லா மிஷின்லயும் கை வச்சாச்சு. இல்ல, யாருக்கும் தெரியாது. மேலோட்டமாப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். அட போடா, அண்ணனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது." அப்புறம் ஒரு சிரிப்பு.

வசந்தா, நான் தொட்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். கை வைத்துவிட்டாள். அவளே சொல்லிவிட்டாள். எதில், எதற்கு, யாருக்காக? தன் அண்ணனையே ஏமாற்றுகிறாள் என்றால் என்னை ஏமாற்ற எவ்வளவு நேரமாகும்? நம் வீட்டுக் கூரைக்குக் கீழே, உன் பெயர் போட்ட பலகைக்குப் பின்னால் இது நடக்கிறதே! அன்று வகுப்பில் எல்லாருடைய சர்வரும் ஏதேதோ காரணத்துக்காக மல்லாந்தன. கயல் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

முடிவு செய்துவிட்டேன். நேருக்கு நேர் கேட்கும் தைரியம் எனக்கில்லை, அதுவும் உனக்குத் தெரியும். "மாடி எங்களுக்கே வேண்டியிருக்கிறது" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பல் டாக்டருக்கு போன் செய்வதாகத் திட்டம். அந்த ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சொல்லப்போன அன்று கயல் இல்லை. தம்பிக்குப் பெண் பார்க்க நாகைக்குப் போயிருந்தாள், சாயங்காலம் வந்துவிடுவாளாம். "வகுப்ப நீங்களே நடத்திக்குங்கன்னு சொல்லிட்டாங்க" என்றாள் நிவேதா. இறங்கிவிடலாம் என்று திரும்பினேன். ஆசிப் விடவில்லை. "எங்கய்யா போறீங்க? நம்ம மிஷினு படுத்துருச்சு. வாங்க."

அன்று எல்லாரும் ஒரே பொதுச் சர்வருக்குள் போய் வேலை பார்க்க வேண்டும். எல்லா மிஷினிலும் ஒரே கதை. சர்வர் எழுந்திருக்கிறது, திரை வருகிறது. உள்ளே போய் ஏதாவது கேட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பதில் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பெண் பார்க்கப் போகிற போக்கிலும் கை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"செத்துருச்சு. ரீஸ்டார்ட் அடிச்சிருவோம்" என்றான் ஆசிப்.

"அண்ணனைக் கேக்காமயா?" நிவேதா.

"அண்ணன் வந்து நம்மளக் காப்பாத்தப் போறாராக்கும். மேடமே அங்க பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருக்காங்க."

அவன் விரல் பொத்தான் மேல் இருந்தது. ஆய்வகத்தில் யாராவது பாதிச் சோதனையில் குடுவையைக் கொட்டப்போனால் எனக்கு எப்படிக் கை நீளுமோ அப்படி நீண்டது. அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"கொஞ்சம் இருங்க தம்பி. நேத்து சாயங்காலம் ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க."

"இப்ப சுத்தமா ஓடலையா, கொஞ்சமாச்சும் ஓடுதா?"

அவன் முழித்தான். நிவேதா எழுந்து வந்தாள். "தெரியலைங்க ஐயா. பாக்கல."

"ஒருத்தருக்கு மட்டும் ஓடலையா? எல்லாருக்குமேவா? எல்லாரும் ஒண்ணா தட்டுனா எப்படித் தெரியும்? மத்தவங்க கைய எடுங்க. ஒருத்தர் மட்டும் போய்ப் பாருங்க." பேசுவது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். "நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல யாரு கை வச்சா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். கயலைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று தெரிந்துவிட்டதோ?

"ஐயா" என்றாள் நிவேதா மெதுவாக. "நீங்க இந்த கோர்ஸ முன்னாடியே படிச்சிருக்கீங்களா?"

"இல்லையேம்மா."

"அப்புறம் எப்படி வரிசையா அண்ணன் கேள்வியெல்லாம் கேக்குறீங்க? அது மொத நாள் பாடம். அன்னிக்கு நீங்க வரவே இல்லையே."

"எந்த அண்ணன்?" என்றேன்.

ஆசிப் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "இத்தன நாளாத் தெரியாமலா உக்காந்திருந்தீங்க? போர்டுல பேர் இருக்குல்ல, வசந்தா மேடம். இத ஆரம்பிச்சவங்க. அவங்களோட அண்ணன். பெரிய சந்தேகப் பேர்வழியாம். வீட்டப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாப்பாராம். மிக்ஸி நின்னு போச்சுன்னா பொட்டுனு தட்ட விடமாட்டாராம். நேத்து ஓடுச்சா, கொஞ்சமாச்சும் ஓடுதா, எல்லாத்துக்கும் ஓடலையா, நடுவுல யாரு கை வச்சான்னு வரிசையாக் கேப்பாராம். பெரிய மேடம் அதையே பாடமா வச்சுட்டாங்க. சர்வர் நின்னா மொதல்ல அண்ணனாட்டம் சந்தேகப்படு. அப்புறம்தான் தொடணும்."

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அப்ப... காலையில கயல்விழி மேடம் வந்து கை வைக்கிறது?"

"அதான் ஐயா பயிற்சியே! தெனம் நாம வர்றதுக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணத் திருகி விட்டுட்டுப் போயிருவாங்க. நாம கண்டுபிடிக்கணும். பெரிய மேடம் காலத்துலேர்ந்து அப்படித்தான். சீனியருங்க எங்ககிட்ட சொல்லிட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா? அடப்பாவமே!"

எனக்கு யாரும் சொல்லவில்லை, வசந்தா. நீ கூடச் சொல்லவில்லை.

"அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காராம்?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேனோ.

"இருப்பாராங்குறீங்க?" ஆசிப் உதட்டைப் பிதுக்கினான். "பழைய காலத்து ஆளுங்க ஐயா. போய்ச் சேந்திருப்பார்."

நிவேதா அவன் தலையில் தட்டினாள். "சரி, ஒருத்தர் மட்டும் உள்ள போங்க" என்றேன்.

அன்று அதைக் கண்டுபிடித்தோம். ஒருவர் மட்டும் கேட்டால் பதில் வந்தது. ஒருவர் பெரிய அறிக்கை ஒன்றை எடுக்கும் நேரத்தில் இன்னொருவர் கேட்டால் அவருக்கு வட்டம் சுற்றியது. அந்த நொடியில் சர்வருக்குள் யார் யார் எந்த வேலையில் நிற்கிறார்கள் என்று படம் பிடித்ததுபோலக் காட்டும் வழி ஒன்று இருக்கிறதே, நிவேதா அதை எடுத்தாள். ஒருவன் வேலை செய்கிறான், மற்ற எல்லாரும் அவன் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். தகவல் இருக்கும் இடத்துக்குப் போய்வர இருபது வழி திறந்திருக்க வேண்டும். அதை ஒன்றாக்கி வைத்திருந்தாள் கயல். இருபது வயலுக்கு ஒரே மடையைத் திறந்து வைத்தாற்போல. நிர்வாகத் திரையில் ஒன்றை இருபதாக்கியதும் எல்லாருக்கும் பாய்ந்தது. ரீஸ்டார்ட் அடித்திருந்தால் வரிசை கலைந்து கொஞ்ச நேரம் நன்றாக ஓடியிருக்கும். ஏன் நின்றது என்று தெரிந்தே இருக்காது.

"அண்ணனுக்கு ஜே!" என்று கத்தினான் ஆசிப். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

சாயங்காலம் கயல் வந்தாள். ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு நீட்டினாள். உனக்கு வாங்கிவரும் அதே கடையாம். வாங்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"வசந்தா என்னைப் பத்தி வகுப்புல சொல்வாளா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? எங்க அண்ணன், எங்க அண்ணன்னு சொல்லாத நாளே கிடையாது. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் உங்களப் பாத்து சிரிச்சேனே."

"நான் வேற மாதிரி நினைச்சேன்மா."

"எப்படி?"

"வேற மாதிரி."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் வேற மாதிரிதான் சார் நினைச்சேன்" என்றாள். "மாடிய பல் டாக்டருக்கு விடப் போறீங்க, அதுக்கு எங்க மேல ஏதாவது குத்தம் கண்டுபிடிக்கத்தான் வந்து உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வது? அவள் சந்தேகம் சரி. என்னுடையதுதான் தவறு. ஆயுசு முழுக்கச் சந்தேகப்பட்டுப் பழகியவனை நேற்று வந்தவள் ஜெயித்துவிட்டாள். அன்று அவளிடம் இதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. மலரில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அந்தப் போன் யாருக்கு என்று மட்டும் கேட்டேன். போன பேட்ச் பையனாம். எதைத் திருகினால் கண்டுபிடிக்கக் கஷ்டம் என்று அவன்தான் யோசனை சொல்வானாம்.

"பொங்கல் கழிஞ்சதும் ஆரம்பிம்மா" என்றேன். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது இல்லை. ஆனால் தடுமாறாமல் வந்தது. பல் டாக்டருக்கு மறுநாளே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாரோ என்னவோ, என் கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடுகிறது, இனி அவரிடம் எப்படிப் போவது என்றுதான் யோசனையாக இருக்கிறது.

இப்போது என் சந்தேகமெல்லாம் உன் மேல்தான்.

ஒரே வீடு, ஒரே மாடிப்படி. மேலே இருக்கும்போது அண்ணன், கீழே வந்தால் ஆபீசர். எந்தப் படியில் மாற்றிக்கொண்டாய்? இத்தனை வருடம் என் பூட்டையும் மிக்ஸியையும் பார்த்துச் சிரித்தாயே, அதெல்லாம் கேலி என்று நினைத்துக் கூசிக்கொண்டிருந்தேன். மேலே போய் அதையே பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். ஒருமுறையாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அல்லது நான் இப்படி ஒருநாள் சந்தேகப்பட்டு மாடியேறி வருவேன், வந்து தானே கண்டுபிடிப்பேன் என்று தெரிந்து, எழுத்தில் ஒன்றும் வைக்காமல் போனாயா? போகிற போக்கில் என் மேலும் கை வைத்துவிட்டுத்தான் போனாயா?

யாரைக் கேட்பது? வரிசையாகக் கேட்டுப் பார்க்கிறேன். உன் இதயம் நேற்று ஓடியது. எல்லாருக்கும் ஓடுகிறது, உனக்கு மட்டும் ஓடவில்லை. நடுவில் யார் கை வைத்தது? கடைசிக் கேள்வியில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் என் முறையில் எதுவும் இல்லை.

ஆசிப்புக்கும் நிவேதாவுக்கும் நான் யார் என்று இன்னும் தெரியாது. கயல் சொல்லவில்லை. நினைவு நாளன்று அவர்கள் எல்லாரும் மாடியில் கூடுவார்கள். "இப்ப மேடத்தோட அண்ணன் பேசுவார்" என்று அவள் அறிவிக்கப் போகிறாளாம். கடைசி மேஜையிலிருந்து எழுந்திருப்பேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன். ஆசிப்பின் முகத்தை நினைத்தால் இப்போதே சிரிப்பு வருகிறது. பலகையில் உள்ள எழுத்தை நான் இருக்கும்வரை யாரும் மாற்றமாட்டார்கள். எல்லாரும் போனபிறகு மாடியைப் பூட்டிவிட்டு, பாதிப் படி இறங்கி, திரும்ப ஏறி வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன்.

இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் நீ வைத்த பெயரில்தான் கையெழுத்திட்டிருக்கிறேன். இதில் நீ மறைத்து வைத்திருந்த பெயரைப் போடுகிறேன்.

உன் அண்ணன்